சேமக்காலையில் ஆள் கூடக்கூடாது

இக்னேசியஸ் செவ்வாய்க்கிழமை விடியற்காலை மாரடைப்பால் இறந்துபோனார். சட்டப்படி பார்த்தால் அவர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அந்த நாட்களில் கட்டைபறிச்சான் பக்கத்துக் கடற்கரையில் இறப்பதற்கு யாருக்கும் தடை இருக்கவில்லை. இறந்த பிறகு போய்ச் சேர்வதற்குத்தான் தடை இருந்தது.

அந்தக் கரையில் இறந்தவர்களைப் புதைக்கும் ஒரு மணல் மேடு உண்டு. அதன் ஒரு பாதி கத்தோலிக்கர்களின் சேமக்காலை, மறுபாதி முஸ்லிம்களின் மையவாடி. நடுவில் வேலி கிடையாது. ஒரு வரிசை தாழம்பற்றை மட்டும், அதுவும் தானாக முளைத்தது. ஒரு பக்கம் சிலுவைகளும் மறுபக்கம் மீசான் கட்டைகளும் ஒரே கடற்காற்றில் சாய்ந்து நின்றன.

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. கத்தோலிக்க வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது முஸ்லிம்கள். முஸ்லிம் வீட்டில் மவுத்து நடந்தால் கபுர் வெட்டுவது கத்தோலிக்கர்கள். யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அழுகிறவன் கையில் மண்வெட்டி கொடுத்தால் குழி கோணலாகிவிடும்.

இந்த வழக்கம்தான் அவர்களை மாட்டிவைத்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன் திருகோணமலை நகரிலிருந்து ஓர் அதிகாரி கடற்கரைப் பக்கம் போயிருக்கிறார். சேமக்காலைக்குள் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் குழி வெட்டுவதைக் கண்டு கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். அடுத்த மாதம் மறுபடி போனபோது மையவாடிக்குள் கழுத்தில் செபமாலை போட்ட ஒருவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அதையும் பிடித்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. இரு சமயத்தாரும் ஒருவர் நிலத்தை மற்றவர் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அதிகாரி வேலை பார்த்த இடத்தின் பெயர் சமய அமைதி நிலைநிறுத்தற் பணியகம். அங்கே உடனே வழக்கு எடுத்தார்கள். கத்தோலிக்கர் யாரும் முறைப்பாடு செய்யவில்லை, முஸ்லிம்களும் செய்யவில்லை. ஆகவே பணியகமே கத்தோலிக்கர் சார்பில் முஸ்லிம்கள் மீதும், முஸ்லிம்கள் சார்பில் கத்தோலிக்கர் மீதும் முறைப்பாடு செய்து, இரண்டையும் தானே ஏற்றுக்கொண்டது. விசாரணை முடியும்வரை அந்த இடத்தின் நிலைமை மாறக்கூடாது என்று கட்டளை பிறந்தது. நிலைமை என்றால் என்ன என்று ஒரு கீழதிகாரி கேட்டதற்கு, இடுகாட்டில் நிலைமை என்பது இறந்தவர்களின் தொகைதான் என்று விளக்கம் கிடைத்தது. தொகை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மேட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். பலகை நட்டார்கள். இறந்தவர்களை எண்ணிப் பார்ப்பதற்குப் பணியகம் தன் காவலர் ஒருவரை அனுப்பியது. அவர் பெயர் திலகசிறி. பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்கள விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. தமிழ் கொஞ்சம்தான் தெரியும். முதல் வாரம் ஒழுங்காக எண்ணினார். இரண்டாம் வாரம் காற்றுக்கு ஒரு பழைய சிலுவை விழுந்துவிட, ஒன்று குறைந்தது. குறைந்தவர் எங்கே போனார், யாருடைய அனுமதியுடன் போனார் என்று விளக்கம் கேட்டுப் பணியகத்திலிருந்து கடிதம் வந்தது. திலகசிறி அன்றே சிலுவையை நிமிர்த்தி வைத்து, அவர் திரும்பி வந்துவிட்டார் என்று பதில் எழுதினார்.

ஊரில் நல்லகாலம், நாடா கட்டிய நாளிலிருந்து யாரும் சாகவில்லை. சுகமில்லாத கிழவர்கள்கூட எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். இக்னேசியஸுக்குத்தான் ஏலவில்லை.

சவப்பெட்டி வீட்டு விறாந்தையில் இருந்தது. மாகிரட் கணவரின் தலைமாட்டில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் அழுதார்கள். அவள் அழவில்லை. அவளுக்கு ஒரே ஒரு யோசனைதான்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஜெனிதா. ஒன்பது வயதில், சண்டைக் காலத்தில், காய்ச்சலோடு மூதூருக்குக் கொண்டுபோன வழியில் பாதை மூடிக்கிடந்ததால் போய்விட்டாள். அவள் தனியே படுக்கப் பயப்படுகிற பிள்ளை. ஒவ்வொரு இரவும் தகப்பன் பக்கத்தில் படுத்து அவள் கண்ணயர்ந்த பிறகுதான் எழும்பிப் போவார். அவளை அடக்கம் செய்த அன்று இக்னேசியஸ் குழியடியில் குனிந்து, "அப்பா பிறகு வாறன், பயப்படாத" என்று சொன்னதை மாகிரட் கேட்டாள். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு வைத்தார். சுற்றிப் பட்டிப்பூச் செடிகளை நட்டு, வாரத்துக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் ஊற்றினார். நாடா கட்டிய பிறகு அதற்கும் போக முடியவில்லை.

இப்போது அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மாகிரட்டுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு வேலை.

பக்கீர் மண்வெட்டியோடு வந்தார். இக்னேசியஸும் அவரும் இளவயதிலிருந்து ஒரே கரைவலை இழுத்தவர்கள். பெட்டியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "நான் போய் வெட்டுறன், தங்கச்சி. நீ இவனோட இரு" என்றார்.

"அங்க விடமாட்டாங்கள் எண்டு சொல்லுறாங்கள், காக்கா."

"எண்ட பொஞ்சாதி ஸல்ஹாவுக்கு இவன் வெட்டினவன். மழைக்குள்ள நிண்டு வெட்டினவன். இவனுக்கு நான் வெட்டாம ஆர் வெட்டுற?"

மேட்டடியில் திலகசிறி எழுந்து நின்றார். கையை நீட்டி வழியை மறிக்கவில்லை. மறிக்க வெட்கப்பட்டவர்போல் தொப்பியைச் சரிசெய்தார்.

"ஐயா, தோண்ட ஏலாது. ஓடர் இருக்கு."

"ஓடர் உயிரோட இருக்கிற ஆக்களுக்குத்தானே, மகன்? இவன் மவுத்தாப் போயிட்டான்."

"இல்ல ஐயா. ஓடர்ல செத்த ஆள்தான் இருக்கு. உயிர் உள்ள ஆளப் பத்தி ஒண்டும் இல்ல."

பக்கீர் பலகையை வாசித்தார். காவலர் சொன்னது சரிதான்.

புதன்கிழமை காலை மாகிரட்டும் பக்கீரும் மூதூரிலிருந்து பஸ் ஏறி, கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, நகரத்துக்குப் போனார்கள். பணியகம் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தது. அதற்கு நான்கு வாசல்கள். ஒரு சமயத்தவர் இன்னொரு சமயத்தவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இழிவு ஏற்படக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். வாசலில் நின்ற சேவகர் இருவரையும் பிரித்து, மாகிரட்டைக் கிழக்கு வாசலுக்கும் பக்கீரை மேற்கு வாசலுக்கும் அனுப்பினார். நான்கு வாசல்களும் ஒரே கூடத்துக்குள் திறந்தன. கூடத்தில் ஒரே ஒரு கவுண்டர் இருந்தது. இருவரும் கட்டடத்தைச் சுற்றி நடந்து உள்ளே வந்து மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

நகரத்துத் தெருக்களில் அலையும் மான்களில் ஒன்று கிழக்கு வாசலால் வந்து, மேசைக்குக் கீழே கிடந்த வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டு, மேற்கு வாசலால் போனது. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்தவள் ஷிஃபானா என்ற இளம் பெண். மாகிரட்டின் முகத்தைக் கண்டதும் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"குடிங்க அன்ரி. எப்ப சாப்பிட்டீங்க?"

"எனக்குப் பசிக்கேல்லை, பிள்ள. அவரை அடக்கம் செய்யோணும். அதுக்கு ஒரு அனுமதித் துண்டு தாங்கோ."

ஷிஃபானா படிவத்தை எடுத்தாள். பெயர், சமயம், இறந்த காரணம் எல்லாம் எழுதினாள். இறந்தவர் அமைதியான முறையில் இறந்தாரா, சமய உணர்வைத் தூண்டும் விதத்தில் இறந்தாரா என்று ஒரு கேள்வி இருந்தது. அமைதியான முறையில் என்று எழுதினாள்.

"அடக்கம் செய்யப்போற இடத்துக்குப் பக்கத்தில ஆரு இருக்காங்க?"

"என்ர மகள். ஜெனிதா."

"பக்கத்தில இருக்கிறவங்கட சம்மதம் வேணும் அன்ரி. கையெழுத்து."

"அவள் செத்து எவ்வளவோ வருஷம், பிள்ள."

ஷிஃபானா தலையைக் குனிந்தாள். "விளங்குது. ஆனா இதில அப்பிடித்தான் கேட்டிருக்கு. அவட வயசு?"

"ஒம்பது."

"அப்ப சின்னப்பிள்ளதானே. தகப்பன் கையெழுத்து வெச்சாப் போதும்..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு ஷிஃபானா பேனாவை எடுத்து அந்தக் கட்டத்துக்குள், "பக்கத்தவர் எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை" என்று எழுதினாள். எழுதிவிட்டு மாகிரட்டைப் பார்த்தாள்.

"பொய் இல்லத்தானே அன்ரி?"

"இல்லை பிள்ள. அவள் ஒருநாளும் எதிர்க்கமாட்டாள்."

அந்தக் கட்டடத்தில் நான் கேள்விப்பட்ட ஒரே உண்மையான வாக்குமூலம் அதுதான்.

முடிவு சொல்ல வேண்டியது சபை. சபை கூடுவதற்கும் ஒழுங்கு இருந்தது. வெள்ளி ஜும்ஆ. ஞாயிறு பூசை. செவ்வாய் அம்மன் கோயில். சனி பலருக்கு விரதம். திங்கள் முந்தின நாட்களின் களைப்பு. பௌத்தர்களின் பௌர்ணமிப் போயா வரும் நாளும் கூடாது. புதன் சபை கூடுவதற்கான ஆயத்தம். ஆகவே வியாழன் மட்டும் அமைதிக்கு மிஞ்சியிருந்தது.

"நாளைக்கு வியாழன்" என்றாள் ஷிஃபானா. "உங்கட அதிஷ்டம்."

அதைச் சொன்னதற்காக அவள் பிறகு இரவு முழுக்க வருந்தியிருக்கலாம். நல்ல பிள்ளை அவள்.

வியாழக்கிழமை சபை மண்டபத்தில் ஒரு வட்ட மேசை. நான்கு சமயங்களுக்கும் நான்கு உறுப்பினர்கள். நடுவில் பணிப்பாளர் கனகரத்தினம். வட்ட மேசைக்கு நடு கிடையாது என்பதால் அவருடைய கதிரை மட்டும் கொஞ்சம் உயரமாக இருந்தது. தேநீர் வந்தது. ஒரு கோப்பை முதலில் வைக்கப்பட்டால் ஒரு சமயம் முந்திக்கொண்டதாகிவிடும். அதனால் நான்கு சேவகர்கள் நான்கு பக்கமும் நின்று, பணிப்பாளர் தலையசைத்ததும் நான்கு கோப்பைகளையும் ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஒரு கோப்பை பிந்திவிட்டது. நான்கையும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி கொண்டுவந்தார்கள்.

பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. மாகிரட்டைக் கண்டதும் எழுந்து நின்றார். இருக்கச் சொன்னார். அனுதாபம் தெரிவித்தார். பிறகு இரண்டு படங்களை மேசையில் வைத்தார்.

"இது ஆர்?"

"நான்தான் சேர்" என்றார் பக்கீர்.

"இது?"

பக்கீர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கீழே வைக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். "இவன்தான் சேர், இக்னேசியஸ். எண்ட ஸல்ஹாட கபுர் வெட்டேக்க. இந்தப் படத்தை எனக்குத் தர ஏலுமா?"

"அது சான்றுப்பொருள். முஸ்லிம் ஒருத்தர் கிறிஸ்தவ நிலத்தில கிண்டுறார். கிறிஸ்தவர் ஒருத்தர் முஸ்லிம் நிலத்தில கிண்டுறார். நீங்கள் ஆளுக்காள் நிலம் பிடிக்கிறியள்."

"நிலம் பிடிக்கிற ஆக்கள் வெட்டி, மூடி, ஒரு பிளேன்ரீயக் குடிச்சிட்டு வெறுங்கையோட வீட்ட போவாங்களா சேர்?"

"அப்ப ஏன் வெட்டுறியள்?"

"அழுகிற ஆக்களை வெட்ட விடுறல்ல."

பணிப்பாளர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு மாகிரட்டின் பக்கம் குனிந்து, ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல் பொறுமையாகப் பேசினார்.

"அம்மா, உலகத்தைப் பாருங்கோ. ஒரு நாட்டில பெண்பிள்ளையள் தலையில போடுற துணிக்குப் பெரிய நீதிமன்றம் வரைக்கும் வழக்கு. இன்னொரு நாட்டில பள்ளிக்கூடச் சுவரில சிலுவை தொங்கலாமோ எண்டு நீதவான்மார் வருஷக்கணக்கா யோசிக்கினம். வேறொரு இடத்தில ஒரு ஆலயத்துக்குக் கீழ இன்னொரு ஆலயம் கிடக்குதோ எண்டு கிண்டிக்கொண்டிருக்கினம். மணி அடிச்சா வழக்கு, பாங்கு சொன்னா வழக்கு, சிலை வைச்சா வழக்கு, எடுத்தா வழக்கு. இதுகளைப் படிக்க நான் மூண்டு நாட்டுக்குப் போய் வந்தனான். எல்லா இடத்திலயும் ஹோட்டல் நல்லம். நிம்மதிதான் இல்லை."

சபை ஆமோதித்துத் தலையசைத்தது, நான்கு தலையும் ஒன்றாக.

"நான் கண்டுபிடிச்சது ஒண்டே ஒண்டு. சண்டை வாறது மாற்றத்தால. புதுசா ஒரு கட்டடம், புதுசா ஒரு கொடி, புதுசா ஒரு ஆள். மாற்றத்தை நிப்பாட்டினா சண்டை நிக்கும். உங்கட இடத்தைப் பாருங்கோ. நாங்கள் வந்த பிறகு ஒரு சண்டை உண்டோ?"

"அதுக்கு முந்தியும் இல்ல சேர்" என்றார் பக்கீர்.

"முந்தி இல்லாதது தற்செயல். இப்ப இல்லாதது எங்கட வேலை."

பிறகு சபை உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. நான்கு பேருமே இரக்கமுள்ளவர்கள். நான்கு பேருக்கும் அடக்கத்துக்குச் சம்மதம். ஆனால் முதலில் சம்மதித்தவர் தன் சமயத்தை விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார், கடைசியில் சம்மதித்தவர் மற்றவர்களுக்குப் பணிந்தவர் ஆகிவிடுவார். ஆகவே நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது என்று தீர்மானித்தார்கள். பேசினார்கள். யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. கருத்தொற்றுமை இல்லை என்று பதியப்பட்டது.

மாகிரட் அதுவரை வாய் திறக்கவில்லை. ஊரில் பெட்டிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். உடல் கெடாமல் மருந்து ஏற்றியவர் வெள்ளிக்கிழமைக்கு மேல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"சேர்," என்றாள், "ஒரு வழியும் இல்லையோ?"

பணிப்பாளர் கண்களை மூடி யோசித்தார். அவர் உண்மையிலேயே உதவ விரும்பினார். அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்க ஏலாத இடம். கண்ணைத் திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"இருக்குது அம்மா! தொகை மாறக்கூடாது எண்டுதானே கட்டளை? ஒராள் உள்ளுக்க போறதெண்டா ஒராள் வெளியில வந்தாச் சரி. கூட்டிக் கழிச்சா மாற்றம் இல்லை!"

சபை ஒரு கணம் திகைத்தது. பிறகு மேசையைத் தட்டியது. இந்த முறை யாரும் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"நீங்கள் உரித்துக் கேக்கக்கூடிய ஒராளைச் சொல்லுங்கோ. நாங்கள் எங்கட செலவில எடுத்து, நகரத்து மயானத்தில மரியாதையா வைக்கிறம். அந்த இடத்துக்கு உங்கட அவரைக் கொண்டு போகலாம். இண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்."

"எனக்கு அங்க ஒராள்தான் இருக்கிறா, சேர்."

"அது போதும். பேர்?"

மாகிரட் பெயரைச் சொல்லவில்லை. பக்கீர் முகத்தைத் திருப்பிச் சன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தார். தொலைவில் ஒரு பெரிய கப்பல் அசையாமல் நின்றது.

"ரெண்டு பேரையும் ஒரு இடத்தில வைக்க ஏலாதோ? அங்க ஏலாட்டி, அவளையும் எடுத்து, ரெண்டு பேரையும் டவுனிலயே..."

"அப்ப அங்க ஒராள் குறைஞ்சு போகும் அம்மா. குறையிறதும் மாற்றம்தான்."

"அப்ப ஒராள் அங்கயும் ஒராள் இங்கயும்தான்."

"ஓம். ஆனா எவர் எங்க எண்டதை நீங்களே தெரிவு செய்யலாம். அந்தச் சுதந்திரத்தில நாங்கள் தலையிடமாட்டம்."

மாகிரட் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அவள் தனியப் படுக்கப் பயப்படுறவள், சேர். அதாலதான் இவர் பக்கத்தில போய்ப் படுக்கக் கேட்டவர். நீங்கள் அவளை எழுப்பி, தெரியாத இடத்தில தனியப் படுக்க வைச்சுப்போட்டு, அவள் கிடந்த இடத்தில இவரைப் படுக்க வைக்கச் சொல்லுறியள். இவர் அங்க கிடந்து என்ன செய்யிறது?"

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த சேவகர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவள் கிடக்கட்டும். இவரை இங்க வையுங்கோ. இவர் பெரிய ஆள். பயப்படமாட்டார்."

பணிப்பாளரின் கண்கள் கலங்கின. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் அம்மா விட்டுக்கொடுப்பு. உங்களைப்போல எல்லாரும் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை" என்றார். பிறகு, விண்ணப்பதாரர் தன் விருப்பத்துடன் விண்ணப்பத்தை மீளப்பெற்றார் என்றும், இரு சமயத்தாருக்கும் இடையிலான பதற்றம் பேச்சுவார்த்தை மூலம் தீர்க்கப்பட்டது என்றும் எழுதச் சொன்னார். அந்த வருட அறிக்கையில் இது படத்துடன் வெளிவந்தது.

வெள்ளிக்கிழமை காலை இக்னேசியஸை வாடகை வானில் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊர்த் தேவாலயத்துச் சுவாமி வந்தார். ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். பக்கீரோடு அவர் பள்ளிவாசல் ஆட்கள் எட்டுப் பத்துப் பேர் மண்வெட்டிகளோடு இன்னொரு வானில் வந்தார்கள்.

நகரத்து மயானத்தில் குழி ஏற்கெனவே தயாராக இருந்தது. இயந்திரம் வந்து ஒரே கோரலில் தோண்டிவிட்டுப் போயிருந்தது. மயானத் தொழிலாளி, "உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல பாய். நிழல்ல நில்லுங்க" என்றான்.

பக்கீர் குழியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். பக்கங்களைச் செதுக்கி நேராக்கினார். அடியில் நீட்டிக்கொண்டு நின்ற ஒரு வேரை வெட்டி வெளியே போட்டார். கற்களைப் பொறுக்கினார். கடைசியில் முழங்காலில் நின்று, உள்ளங்கையால் மண்ணைத் தடவித் தடவிச் சமப்படுத்தினார்.

மேலே நின்ற இக்ராம், அவருடைய மருமகன், "மாமா, சுவாமி பாத்துட்டு நிக்காரு. ஜும்ஆவுக்கும் போகணும்" என்றான்.

"பொறுடா. வலை இழுத்து இழுத்து இவனுக்கு முதுகு நோ. கல்லுக் கிடந்தாக் குத்தும்."

சுவாமி கையில் இருந்த செபப்புத்தகத்தை மூடினார். "ஆறுதலாச் செய்யுங்கோ பக்கீர். எனக்கு அவசரம் இல்லை" என்றார்.

இறைவன் அந்த நேரத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் உள்துறைமுகப் பக்கத்து நான்கு வாசல் கட்டடத்தை அல்ல, அந்தக் குழியைத்தான் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். ஒரு கிழவன் இன்னொரு கிழவனுக்காகக் கல் பொறுக்குவதை யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

பக்கீரைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். பெட்டியை இறக்கினார்கள். மாகிரட் ஒரு பிடி மண் போட்டாள். அப்போதும் அவள் அழவில்லை. முஸ்லிம்கள் குழியை மூடி முடித்துவிட்டு, கைகால் கழுவி, பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாகிரட் வீட்டுக்குப் போகவில்லை. மணல் மேட்டடியில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மற்றவர்களைப் போகச் சொன்னாள்.

திலகசிறி நாடாவுக்கு உள்ளே நின்றார். மாகிரட் வருவதைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

"அம்மா, உள்ள வர ஏலாது. எனக்கு ஏச்சு விழும்."

"நான் உள்ளுக்க வரேல்லை, தம்பி. நீங்கள் உள்ளுக்கதானே நிக்கிறியள். ஒரு உதவி செய்யுங்கோ."

"என்ன அம்மா?"

"அங்க, பட்டிப்பூ நிக்கிற இடம். அதில என்ர மகள். அப்பா டவுனில எண்டு அவளுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அவர் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். அவள் பாத்துக்கொண்டிருப்பாள்."

திலகசிறிக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. பட்டிப்பூச் செடிகளைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு ஆள் இடத்தையும் பார்த்தார்.

"வயசு எத்தனை?"

"ஒம்பது."

"தனி?"

"தனிதான்."

அவர் சிலுவைகளுக்கு இடையால் நடந்து போனார். போகும்போது தொப்பியைக் கழற்றினார். செடிகளின் முன்னால் குந்தினார். தன் ஊரில் தன் தங்கையைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார். காற்று கரைப் பக்கம் வீசியதால் மாகிரட்டுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"நங்கி... அப்பா டவுன்ல. நல்ல இடம். எல்லாரும் போனது. பக்கீர் காக்காவும் போனது."

நிறுத்தினார். அடுத்த சொல்லுக்காகத் தேடினார். கடல் இரண்டு தரம் வந்து திரும்பியது.

"பயம் வேணாம். நான் இங்கதான் இருக்கிறது. ராவைக்கும்."

மாகிரட் நாடாவைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். மூன்று நாளாக வராத அழுகை, சத்தமாக வந்தது. திலகசிறி திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து வரவும் இல்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெறும் இடத்து மணலில், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.